உச்சவரம்புக்கு வெளியே நின்ற மலைகள்: கேரள நிலச் சட்டமும் தோட்ட விலக்கும்

1970 ஜனவரி 1ஆம் நாள் கேரளத்தில் ஜென்மி முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதுவரை பாட்டம் அளந்துவந்த குத்தகை உழவர்களின் நிலங்கள் மீது ஜென்மிகளுக்கு இருந்த உரிமை அன்று அரசைச் சேர்ந்தது. உழவர் விண்ணப்பித்து, நிர்ணயிக்கப்பட்ட தொகையைச் செலுத்தி, தாம் உழுத நிலத்துக்கு உரிமையாளராகலாம் என்றாயிற்று. பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த குடிகிடப்புக்காரர்கள் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை பெற்றனர். சுதந்திர இந்தியாவின் நிலச் சீர்திருத்த வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்க நிகழ்வுகள் மிகச் சிலவே.

அதே ஜனவரி முதல் நாளில் மூணாற்றிலும் பீருமேட்டிலும் வயநாட்டிலும் தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு எதுவும் மாறவில்லை. அவர்களுள் பெரும்பகுதியினர் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தலித் மக்களின் வழித்தோன்றல்கள். மூன்று, நான்கு தலைமுறைகளாக ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் அவர்களிடையே உண்டு. சமவெளியில் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் குடிசை போட்டிருந்தவருக்குப் பத்து சென்ட் கிடைத்தது. மலையில் இருந்தவருக்கு ஒரு சென்ட்டும் கிடைக்கவில்லை.

காரணத்தைச் சட்டத்தின் இரு பிரிவுகளில் காணலாம். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, உச்சவரம்பு விதிகள் எந்தெந்த நிலங்களைத் தொடா என்று பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் தோட்டங்கள் உண்டு. தோட்டம் என்றால் என்ன என்பதை 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. தேயிலை, காப்பி, கோக்கோ, ரப்பர், ஏலம், லவங்கப்பட்டை ஆகியவற்றை முதன்மையாகப் பயிரிடும் நிலம் தோட்டம். அதன் துணைப் பயன்பாட்டுக்கான நிலமும் தோட்டமே. பயிர் நிலத்தின் இடையிடையே கிடக்கும் வேறு வேளாண் நிலமும், நிர்வாகத்துக்குத் தேவை என்று நில வாரியம் கருதும் அளவுக்கு, தோட்டமே. துணைப் பயன்பாடு எது என்பதையும் சட்டமே விளக்கிவிடுகிறது: அலுவலகம், கிடங்கு, தொழிற்சாலை, மருத்துவமனை, பள்ளி, விளையாட்டுத் திடல், தொழிலாளர் குடியிருப்பு. ஆக, தொழிலாளியின் வீடு தோட்டம் என்னும் உடைமையின் ஓர் உறுப்பாகவே சட்டத்துக்குள் நுழைந்தது. கிடங்குக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடுவே அது இடம்பெற்றிருப்பதைச் சட்டம் இயற்றியவர்கள் கவனித்தார்களா என்பது வேறு கேள்வி.

இந்த விலக்கு எவ்வாறு வந்தது என்று ஆராயும்போது, சட்டமியற்றலில் நலன் காக்கும் குழுக்கள் செலுத்தும் செல்வாக்கைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம் சற்றுத் தடுமாறுகிறது. ‘லாபி’ என்றவுடன் நினைவுக்கு வருவது எதிர்ப்பு: ஊர்வலம், மறியல், ஆளுநரிடம் மனு, ஆட்சிக் கவிழ்ப்பு. கேரளத்தில் அதுவும் நிகழ்ந்தது. வரலாற்று நூல்கள் அதைப் பற்றியே பேசுகின்றன. சத்தமிட்டவர்கள் சட்டத்தைப் பத்தாண்டுக்கு மேல் தாமதப்படுத்தினார்கள். ஆனால் இறுதியில் தோற்றார்கள். சத்தமிடாதவர்கள் முதல் வரைவிலேயே வென்றிருந்தார்கள்.

சத்தமிட்டவர்களின் கதை பலரும் அறிந்தது, விரைந்து கடக்கலாம். 1957 ஏப்ரல் 5 அன்று இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. ஒரு வாரத்துக்குள் குத்தகையாளரை வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. ஆண்டு இறுதியில் வருவாய்த்துறை அமைச்சர் கே. ஆர். கௌரி வேளாண் உறவுகள் மசோதாவை முன்வைத்தார். ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா ஏற்கெனவே கத்தோலிக்கத் திருச்சபையின் பள்ளி நிர்வாகங்களைச் சினங்கொள்ளச் செய்திருந்தது. நில மசோதா நாயர், நம்பூதிரி, சிரியன் கிறித்தவ நிலவுடைமையாளரை ஓரணியில் சேர்த்தது. மன்னத்து பத்மநாபனின் தலைமையில் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் திருச்சபையும் கைகோத்தன. மசோதா 1959 ஜூன் 10 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து ‘விமோசன சமரம்’ தொடங்கியது. ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த மசோதா, திருத்தப் பரிந்துரைகளுடன் 1960 ஜூலையில் புதிய சட்டமன்றத்துக்குத் திரும்பிவந்தது. அப்போது ஆட்சியிலிருந்த காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட் கூட்டணி அதை மாற்றங்களுடன் நிறைவேற்றியது. 1961 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது.

இந்த நான்காண்டுப் புயலில் தோட்ட முதலாளிகள் தெருவுக்கு வரவில்லை. வரவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. 1957 மசோதாவிலேயே தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. அதைக் கொண்டுவந்தது கம்யூனிஸ்ட் அரசு. அயல்நாட்டவருக்குச் சொந்தமான தோட்டங்களை நாட்டுடைமையாக்குவோம் என்று அதே தேர்தலில் வாக்குறுதி அளித்த கட்சி அது.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கான விடையைத் திருவனந்தபுரத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. தோட்ட முதலாளிகளின் அமைப்பு வலிமை பழமையானது. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் ஐக்கிய சங்கமான உபாசி 1893இல் தோன்றியது. மாவட்டந்தோறும் இருந்த சிறு சங்கங்களை இணைத்து, அரசுடன் ஒரே குரலில் பேசுவதே அதன் நோக்கம். முன்பணம் பெற்றுக்கொண்டு தோட்டத்தை விட்டு ஓடும் கூலியாட்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது அச்சங்கத்தின் தொடக்ககாலக் கோரிக்கைகளுள் முதன்மையானது. 1903இல் சென்னை மாகாணம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. ஒப்பந்தத்தை மீறிய கூலியாளுக்குக் குற்றவியல் தண்டனை உண்டு என்றது அது. 1920க்குப் பின் அமைந்த சென்னைச் சட்ட மேலவையில் தோட்ட அதிபர்களுக்கென்றே ஒரு தனித் தொகுதி இருந்தது. ஆகவே சட்டமன்றத்துக்கு வெளியே நின்று மனுக் கொடுப்பவர்களாக மட்டும் அவர்களைக் கருதக்கூடாது. அவைக்குள்ளேயே அவர்களுக்கு நாற்காலி இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அந்த நாற்காலி போயிற்று. ஆயினும் அதைவிடப் பயனுள்ள ஒன்று அதற்குள் கைக்கு வந்திருந்தது. காப்பிக்கு 1942இலும் ரப்பருக்கு 1947இலும் தேயிலைக்கு 1953இலும் தனித்தனி மத்தியச் சட்டங்கள் இயற்றப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வாரியம் அமைந்தது. இதனால் இப்பயிர்கள் வேளாண்மை என்ற மாநிலப் பொருளிலிருந்து நழுவி, ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டுக்குரிய தொழில்கள் என்ற தோற்றத்தைப் பெற்றன. நிலம் மாநிலத்தினுடையது, பயிர் தில்லியினுடையது என்னும் இந்த இரட்டை நிலை பின்னாளில் பெரிதும் உதவியது. தேயிலை அந்நியச் செலாவணி ஈட்டும் பயிர். 1957, 58இல் நாடு கடும் செலாவணி நெருக்கடியில் இருந்தது. தேயிலைத் தோட்டத்தைத் துண்டாடலாம் என்று சொல்லும் துணிவு அப்போது எந்த நிதியமைச்சருக்கும் இருந்திருக்காது.

இவை எல்லாவற்றுக்கும் முத்திரையிட்டது இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம். 1956இல் வெளியான அந்த ஆவணம், மாநிலங்கள் நில உச்சவரம்பு விதிக்கவேண்டும் என்று அறிவுறுத்தியது. அதே மூச்சில், எவற்றை விலக்கலாம் என்றும் கூறியது: தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்கள், பழத்தோட்டங்கள், கால்நடைப் பண்ணைகள், சர்க்கரை ஆலைகள் நடத்தும் கரும்புப் பண்ணைகள், திறம்பட நடத்தப்படும் பெரும் பண்ணைகள். துண்டாடினால் உற்பத்தி குறையும் என்பது சொல்லப்பட்ட காரணம். இதை முற்றும் போலிக் காரணம் என்று தள்ளிவிட இயலாது. தொழிற்சாலையோடு பிணைந்த தேயிலைக்கு அது ஓரளவு பொருந்தும்; ரப்பருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கேரளத்தின் ரப்பர், சிறு நிலங்களிலேயே செழித்து வளர்ந்ததைப் பின்வந்த பத்தாண்டுகள் காட்டின. ஆயினும் திட்டக்குழுவின் தாளில் ஏறிய பட்டியல், மாநிலங்களுக்கு ஆயத்த வரைவாகிவிட்டது. தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டத்திலும் தோட்ட விலக்கு உண்டு. நலன் காக்கும் குழு ஒன்றின் வாதம், அதை முதலில் எழுப்பியவர் பெயர் மறைந்து, ‘வளர்ச்சிக் கொள்கை’ என்ற பெயரில் அரசு ஆவணமாகும் இடம் இதுவே. அதன்பின் அக்குழு ஒவ்வொரு மாநிலத் தலைநகருக்கும் சென்று வாதாட வேண்டியதில்லை.

கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அதற்கேயுரிய காரணங்கள் இருந்தன. அயல்நாட்டுத் தோட்டங்களை நாட்டுடைமையாக்க மத்திய அரசின் இசைவு தேவை. அது கிடைக்கும் அறிகுறி இல்லை. மாநிலத்துக்கு மூலதனம் வேண்டியிருந்தது. மாவூரில் ஆலை அமைக்கப் பிர்லா நிறுவனத்துக்கு மிகக் குறைந்த விலையில் மூங்கில் தர ஒப்புக்கொண்டதும் இதே அமைச்சரவைதான். கோட்பாட்டளவிலும் தோட்டம் நிலப்பிரபுத்துவத்தின் எச்சமாகக் கருதப்படவில்லை. அது முதலாளித்துவ உற்பத்தி. அங்கிருப்பவர் குடியானவர் அல்லர், கூலித் தொழிலாளர். அவருக்குரியது நிலம் அன்று, ஊதியமும் சங்கமும். உழுபவனுக்கு நிலம் என்ற முழக்கத்தில் கொழுந்து பறிப்பவள் இடம்பெறவில்லை. கட்சியின் பாடமும் தோட்ட அதிபர்களின் மனுவும் வெவ்வேறு திசையிலிருந்து புறப்பட்டு ஒரே முடிவுக்கு வந்துசேர்ந்தன என்பது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. 1958இல் மூணாற்றில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். அந்தப் போராட்டத்தின் மையமும் ஊதியம், போனஸ் என்பவற்றிலேயே நின்றது.

விலக்கின் உள்முரணை வெளிப்படுத்தியது உச்ச நீதிமன்றம்; அதுவும் நிலமற்றவர் சார்பில் அன்று. காசர்கோடு, ஹோஸ்துர்க் வட்டங்கள் 1956 வரை சென்னை மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தவை. அங்கு ரயத்துவாரி முறை நிலவியது. அப்பகுதியின் நிலவுடைமையாளர் தொடுத்த கரிம்பில் குஞ்ஞிகோமன் வழக்கில் 1961 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ரயத்துவாரி நிலம் அரசமைப்புச் சட்டம் பாதுகாக்கும் ‘எஸ்டேட்’ என்ற வகைக்குள் வராது என்பதால் சட்டம் அங்கே செல்லாது என்றது நீதிமன்றம். அத்துடன் ஒரு கேள்வியையும் எழுப்பியது: தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கு விலக்கு உண்டென்றால், மிளகுக்கும் பாக்குக்கும் ஏன் இல்லை? உடைப்பதால் உற்பத்தி கெடும் என்ற வாதம் அவற்றுக்கும் பொருந்துமே. இந்த வேற்றுமை சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பு கூறியது.

அக்கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கக்கூடும்: எவருக்கும் விலக்கு வேண்டா என்பது ஒன்று, இன்னும் சிலருக்கும் விலக்குத் தரலாம் என்பது மற்றொன்று. முதல் விடையை எந்த அரசும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆர். சங்கர் அமைச்சரவையின் காலத்தில் இயற்றப்பட்ட 1963ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பழைய சட்டத்தைவிட நிலவுடைமையாளருக்கு இணக்கமானது. 1964இல் வந்த 17ஆம் அரசமைப்புத் திருத்தம் ‘எஸ்டேட்’ என்பதன் பொருளை ரயத்துவாரி நிலத்துக்கும் விரித்தது. நீதிமன்றத் தடை நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கோட்டயத்தில் கேரள காங்கிரஸ் பிறந்தது. மத்தியத் திருவிதாங்கூரின் குடியேற்ற உழவரும் ரப்பர் விவசாயிகளும் அதன் அடித்தளம். தொடக்க விழா மேடையில் மன்னத்து பத்மநாபன் இருந்தார். நலன் காக்கும் குழு ஒன்று கட்சியாகவே உருவெடுத்தால் அது மனு எழுதுவதை நிறுத்திவிட்டு அமைச்சர் பதவி கேட்கும். அடுத்த அரை நூற்றாண்டு கேரளக் கூட்டணி அரசியலில் நிகழ்ந்தது அதுவே.

1967இல் இ. எம். எஸ். மீண்டும் முதல்வரானார், கௌரி மீண்டும் வருவாய்த்துறைக்கு வந்தார். 1969 அக்டோபரில் நிறைவேறிய திருத்தச் சட்டம், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜென்மிகளுக்காக விடப்பட்டிருந்த வாயில்களைப் பெருமளவு அடைத்தது. ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு உச்சவரம்பு 10 தரநிலை ஏக்கர் என்றாயிற்று. சட்டத்தைத் தந்த அமைச்சரவை சில நாட்களிலேயே வீழ்ந்தது. அச்சுத மேனன் ஆட்சியில் அது நடைமுறைக்கு வந்தது. காசர்கோட்டுக்கு அருகிலுள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி இச்சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்குதான், 1973 ஏப்ரல் 24 அன்று அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்னும் கோட்பாட்டை இந்தியாவுக்குத் தந்தது. மடம் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. தோட்ட நிறுவனங்களுக்கோ இச்சட்டத்தின் உச்சவரம்பை எதிர்த்து அங்கே போகவேண்டிய தேவை எழவில்லை. இத்தனை திருத்தங்களுக்குப் பிறகும் தோட்ட விலக்கு அப்படியே இருந்தது. 1957இல் மூன்று பயிர்களும், ‘அரசு அறிவிக்கும் பிற சிறப்புப் பயிர்களும்’ என்றிருந்த வரையறை, இப்போது ஆறு பயிர்களைப் பெயர் சொல்லி அழைத்தது.

விலக்கின் எடை எவ்வளவு என்பதை மூணாற்றுக் கணக்கு காட்டும். 1877இல் பூஞ்ஞாற்றுத் தலைவர் ஜான் டேனியல் மன்றோவுக்கு அளித்த கண்ணன் தேவன் மலைகளில், பயிரிடாமல் கிடந்த நிலங்களை மீட்க 1971இல் கேரளம் தனிச் சட்டம் இயற்றியது. மீட்ட நிலத்தை வேளாண்மை வளர்ச்சிக்கும் நிலமற்ற வேளாண் மக்களுக்கும் பயன்படுத்துவது நோக்கம். இதை நிறுவனம் எதிர்த்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் இச்சட்டத்திலும் தோட்டங்களும் அவற்றின் துணை நிலங்களும் விலக்கப்பட்டிருந்தன. 1974இல் நில வாரியம் தந்த தீர்வின்படி சுமார் 70,000 ஏக்கர் அரசுக்கும் சுமார் 57,000 ஏக்கர் நிறுவனத்துக்கும் உரியவையாயின. நிறுவனத்துக்குக் கிடைத்ததில் தேயிலை நின்றது 23,000 ஏக்கரை ஒட்டிய பரப்பே. விறகு மரங்களுக்கென்று மட்டும் ஏறத்தாழ 17,000 ஏக்கர். கொழுந்தை உலர்த்த விறகு வேண்டும் என்பதால் மரக்காடும் துணைப் பயன்பாடாகக் கொள்ளப்பட்டது. கொழுந்தைப் பறிப்பவர் முதுமையில் தங்க ஓர் இடம் வேண்டும் என்பது அந்தத் துணைப் பயன்பாட்டில் சேரவில்லை.

லயம் வேலையோடு கட்டுண்டது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரவேண்டிய பொறுப்பை முதலாளியிடம் வைத்தது. நல்ல நோக்கத்துடன் இயற்றப்பட்ட சட்டம்தான். ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஆகவே ஓய்வுபெறும் தாய் வீட்டைத் தக்கவைக்க மகளையோ மருமகளையோ அதே தோட்டத்தில் பெயர் பதியச் செய்தார். சங்கங்கள் ஊதியத்துக்கும் போனஸுக்கும் போராடின. நிலம் அவற்றின் கோரிக்கைப் பட்டியலில் முதன்மை பெறவில்லை. குத்தகை உழவருக்குக் கர்ஷக சங்கம் இருந்தது, ஜென்மிக்குச் சாதி அமைப்பு இருந்தது, தோட்ட அதிபருக்கு உபாசி இருந்தது. சட்டம் எழுதப்படும் மேசையில் லயத்தில் இருந்தவரின் நிலப்பசியைப் பேச எவரும் இல்லை. மேலும் அவர் பேசியது தமிழ். தேவிகுளமும் பீருமேடும் எந்த மாநிலத்துக்கு என்ற 1956ஆம் ஆண்டுச் சர்ச்சையில் எண்ணிக்கைக்காகத் தேவைப்பட்ட அம்மக்கள், நில உரிமை பகிரப்பட்டபோது எந்த மாநிலத்துக்கும் நினைவில் இல்லை.

கேள்வி பின்னர் வேறு வழிகளில் வெளிப்பட்டது. 2007 ஆகஸ்டில் பத்தனம்திட்ட மாவட்டம் செங்ஙறயில், ஹாரிசன்ஸ் மலையாளம் நிறுவனத்தின் ரப்பர் தோட்டத்துக்குள் நிலமற்ற தலித் குடும்பங்கள் கூடாரமிட்டன. உழைப்பாளருக்கு ஊதியம், உழவருக்கு நிலம் என்ற பழைய பாகுபாட்டை அவர்கள் ஏற்கவில்லை. பயிரிடுவதற்கு நிலம் கேட்டார்கள். ரப்பர் மரங்களைச் சார்ந்து பிழைத்த தோட்டத் தொழிலாளர்களும் சங்கங்களும் அவர்களுக்கு எதிரே நின்றதை இங்கே மறைப்பதற்கில்லை. 2012இல் வந்த திருத்தமோ எதிர்த்திசையில் சென்றது. விலக்குப் பெற்ற தோட்ட நிலத்தில் 5 விழுக்காடு வரை வேறு பயிர்களுக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படுத்தலாம், விலக்கு போகாது என்றது அது. துண்டாடினால் உற்பத்தி குலையும் என்ற அரை நூற்றாண்டு வாதம், தங்கும் விடுதி கட்டும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், எல்லாத் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். அப்போது அவர்களின் நாள் ஊதியம் 232 ரூபாய். ஒன்பது நாட்களில் அவர்கள் வென்றனர். அவர்கள் அமர்ந்திருந்த சாலையின் இருபுறமும் இருந்தது, 1974இல் பிரித்தளிக்கப்பட்ட அதே நிலம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மீது விழுந்தது. 70 பேர் மாண்டனர். தப்பிய குடும்பங்களுள் எட்டுக்கு, மூணாற்றை அடுத்த குற்றியாறு பள்ளத்தாக்கில், அரசு நிலத்தில் ஆளுக்கு 5 சென்ட் ஒதுக்கப்பட்டு வீடு கட்டித் தரப்பட்டது.